ஒருசாலை மாணாக்கர்

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கு எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் சொல்கிறது. வடக்கெல்லைப் போராட்டக் காலத்தில் அந்தப் பாயிரம் ஒரு நிலப்பத்திரம் போலவே மேடைகளில் எடுத்துக்காட்டப்பட்டது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்தோடு இருந்தன; அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது. ஆனால் எல்லையைத் தேடிப் படித்தவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போன ஒரு செய்தி அதே பாயிரத்தில் இருக்கிறது. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் குற்றமறச் சொல்லப்பட்டது என்பதே அது. அந்த அதங்கோட்டாசான் யார்? பழைய உரையாசிரியர்கள் சொல்லும் மரபுப்படி அவர் தொல்காப்பியரோடு அகத்தியரிடம் சேர்ந்து படித்தவர். பாயிரத்தை எழுதிய பனம்பாரனாரும் அவர்களோடு படித்தவரே. ஒரே ஆசிரியரிடம் ஒன்றாக அமர்ந்து படித்தவர்களுக்கு உரையாசிரியர்கள் இட்ட பெயர் ‘ஒருசாலை மாணாக்கர்’. ஆகக் கிடைத்துள்ள தமிழ் இலக்கண நூல்களில் மிகப் பழையது நம் கைக்கு வந்து சேரும்போதே, அதைக் கேட்டுக் குற்றம் தேடியவர் ஒரு சக மாணவர், அதற்கு முன்னுரை எழுதியவர் இன்னொரு சக மாணவர் என்ற நினைவோடுதான் வந்து சேர்கிறது. நச்சினார்க்கினியர் சொல்லும் கதை இன்னும் கூர்மையானது. தொல்காப்பியர்மேல் சினம் கொண்ட ஆசிரியர், அவர் நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானிடம் சொல்லிவிடுகிறார்; தோழரோ கேட்டே ஆக வேண்டும் என்று வேண்டுகிறார். இருவருக்கும் நடுவில் அகப்பட்ட அதங்கோட்டாசான், நூலைக் கேட்பது, கேட்ட இடமெல்லாம் குற்றம் சொல்வது என்று முடிவு செய்கிறார். அவர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் தொல்காப்பியர் விடை சொல்லச் சொல்ல நூல் அரங்கேறுகிறது. ஆசிரியரின் கோபத்துக்கும் நண்பரின் ஆசைக்கும் நடுவே, உடன் படித்தவனின் கேள்விதான் அந்த நூலைக் காப்பாற்றியது.

இது ஏதோ ஒரு நூலைப் பற்றிய தனிக்கதை மட்டும் என்றால் இதற்கு இவ்வளவு எடை கொடுக்க வேண்டியதில்லை. இதை விதியாகவே எழுதி வைத்தவர் பவணந்தி முனிவர். சித்தூருக்கு மேற்கே உள்ள கோலாரைத் தன் மரபின் ஊராகச் சொல்லிக்கொண்ட கங்க மரபினன் சீயகங்கன், மூன்றாம் குலோத்துங்கனுக்கு அடங்கிய சிற்றரசன். அவன் கேட்டுக்கொண்டதால் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி எழுந்தது நன்னூல். ஒருவன் எப்படிப் புலமை பெறுகிறான் என்பதற்கு அதன் பொதுப்பாயிரம் ஒரு கணக்கே போடுகிறது. ஆசிரியர் சொன்னதைச் செம்மையாக வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் சேரும். உடன் பயில்பவரோடு கலந்து பழகினால் இன்னொரு கால். பிறருக்கு விரித்துச் சொல்லும்போதுதான் மீதி அரை. அதாவது ஆசிரியருக்கும் சக மாணவருக்கும் சமமான பங்கு. யார் பாயிரம் எழுதத் தகுந்தவர் என்று சொல்லும் இடத்திலும் ஆசிரியன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரோடு உடன் கற்றவனும் இடம்பெறுகிறான். நூலாசிரியன் தன் நூலுக்குத் தானே பாயிரம் எழுதுவது தகாது. அரசனையோ புரவலனையோ அந்த வரிசையில் காணோம். ஒரு நூலைப் பற்றிப் பேசும் உரிமை, அந்த நூல் பிறந்த கல்வியோடு உறவு உள்ளவர்க்கே உரியது என்பது இதன் உள்ளே இருக்கும் கொள்கை. பிறர் எழுத்தைத் திருத்தும் உரிமை பதவியால் வருவதில்லை, ஒரே பாயில் உட்கார்ந்து படித்ததால் வருகிறது. இந்தக் கொள்கை நின்ற இடங்களில் திருத்தம் எழுத்துக்கு உதவியது. சக மாணவன் கையில் அதிகாரம் தரப்பட்ட இடங்களில் அது கெட்டது. வேங்கடத்தைச் சுற்றியுள்ள ஒரு சிறு வட்டத்தின் வரலாறே இதற்குப் போதுமான சான்று.

அந்த வட்டத்தில் முதல் ஊர் காளத்தி. திருப்பதியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் இருக்கிறது. நக்கீரர் கதை தெரியாத தமிழர் குறைவு. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டு என்ற பொருளில் அமைந்த பாட்டைத் தருமி கொண்டுவர, அதில் பொருட்குற்றம் உண்டு என்கிறார் நக்கீரர். எழுதியவன் சிவபெருமானே என்று தெரிந்த பின்னும், நெற்றிக்கண் திறந்த பின்னும் பின்வாங்கவில்லை. மேடையிலும் திரையிலும் நாம் கைதட்டியது இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. அதிகாரத்துக்கு அஞ்சாத விமர்சகர் என்ற உருவம் நமக்குப் பிடித்தமானது. பிடித்திருப்பதில் தவறும் இல்லை. ஆனால் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் கதை அங்கே முடியவில்லை. 64 படலங்களில் தருமிக்குப் பொற்கிழி கொடுத்தது 52-ஆவது. அடுத்த படலத்தில் பொற்றாமரைக் குளத்தில் விழுந்த கீரர் கரையேறுகிறார். கயிலைக்கும் காளத்திக்கும் சேர்த்து ஓர் அந்தாதி பாடுகிறார். அதற்கடுத்த படலத்தில் இறைவன் அகத்தியரை வரவழைத்துக் கீரருக்கு இலக்கணம் கற்பிக்கச் செய்கிறார். 55-ஆவதில் சங்கப் புலவர்கள் தங்களுக்குள் யார் பாட்டு உயர்ந்தது என்று சண்டையிட, அதைத் தீர்க்க ஊமைப் பிள்ளை ஒருவன் அழைக்கப்படுகிறான். நான்கு படலங்களையும் தனித்தனியாகப் படித்தால் நான்கு அற்புதங்கள். ஒரே மூச்சில் படித்தால், பிறர் எழுத்தைக் குறை சொல்வது பற்றிய ஒரே சிந்தனை. குற்றம் சொன்னவர் முதலில் தானே எழுத வேண்டியிருக்கிறது. பிறகு மறுபடி மாணவராக வேண்டியிருக்கிறது. கடைசியில் தன் எழுத்தையே இன்னொருவர் முன் வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பதினோராம் திருமுறையில் உள்ள கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி, ஒரு வெண்பா கயிலைக்கு, அடுத்தது காளத்திக்கு என்று மாறி மாறி நூறு வெண்பாவாகச் செல்கிறது. தெலுங்கிலும் இந்தக் கதை வேரூன்றியிருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் தூர்ஜடி தம் ஸ்ரீகாளஹஸ்தீஸ்வர மாகாத்மியத்தில் நக்கீரரை நத்கீரர் ஆக்கிக் கதை சொல்கிறார். அங்கே இறைவன் பாட்டில் குற்றம் சொன்னதால் அவருக்குத் தொழுநோய் வருகிறது. கயிலையைக் கண்டால் தீரும் என்பது சாபவிடை. வடக்கே கயிலையைத் தேடிப் புறப்பட்டவர் கடைசியில் தென்கயிலையான காளத்தியில் நோய் நீங்குகிறார். மதுரைக்காரர்கள் குற்றம் சொன்ன காட்சியைத் தங்கள் ஊருக்கு வைத்துக்கொண்டார்கள் என்றால், காளத்திக்காரர்கள் குற்றம் சொன்னவன் குணமான காட்சியைத் தங்கள் ஊருக்கு எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டாவதுதான் கதையின் கருவாகத் தோன்றுகிறது.

புராணத்தை வரலாறாகக் கொள்ளலாமா என்று கேட்பவர் சரியாகவே கேட்கிறார். சங்கப் பாடல்களைப் பாடிய நக்கீரரும் அந்தாதி பாடிய நக்கீரதேவரும் ஒருவரல்லர் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. நெற்றிக்கண் திறந்ததற்குக் கல்வெட்டு கிடையாது. ஆனால் இங்கே சான்றாக வைப்பது அந்த நிகழ்ச்சியை அல்ல, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்களின் மனத்தை. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய இறையனார் களவியலுரை ஒரு செய்தி சொல்கிறது. களவியலுக்குப் புலவர்கள் பலரும் உரை செய்ய, எது மெய்யுரை என்று தெரியாமல் அரசன் தவிக்கிறான். உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைப் பிள்ளையை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி ஒவ்வோர் உரையாகப் படிக்கிறார்கள். மருதனிளநாகனார் உரையைக் கேட்டு அங்கங்கே கண்ணீர் வார்த்து மெய்சிலிர்க்கிறான். நக்கீரர் உரைக்கு முழுக்கவும். அந்தப் பிள்ளை ஒரு குற்றமும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எழுத்து எங்கே தன்னைத் தொட்டது என்பதை மட்டும் காட்டினான். எட்டாம் நூற்றாண்டு உரைகாரரும், பல நூற்றாண்டு கழித்து வந்த பரஞ்சோதியாரும், காளத்தியின் தெலுங்குக் கவியும், நூலை மதிப்பிடுவது எப்படி என்ற கேள்வியை விடாமல் பேசியிருக்கிறார்கள். குற்றம் காணும் கண் போதாது என்ற முடிவுக்கு அவர்கள் மூவரும் வந்திருக்கிறார்கள். ஒரு சமூகம் தன் அனுபவத்தைக் கதையில்தான் சேமிக்கிறது. இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்?

இனிச் சித்தூருக்கு வரலாம். 1911 ஏப்ரல் முதல் தேதி தனி மாவட்டமாகும் வரை சித்தூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். 1822-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டங்களில் எத்தனை பள்ளிகள், எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். திருமலையில் இன்றும் ஒரு நைவேத்தியப் பாத்திரம் மன்றோ கங்காளம் என்றே வழங்குகிறதே, அந்த மன்றோதான். எல்லாவற்றையும் கூட்டி 1826-இல் அவர் எழுதியது: மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு வாத்தியார் நடத்திய திண்ணைப் பள்ளிகள். வெவ்வேறு வயதுப் பிள்ளைகள், வெவ்வேறு பாடத்தில். சின்னவன் மணலில் விரலால் அரிச்சுவடி எழுதுவான். பெரியவன் எழுத்தாணியால் ஓலையில் கீறுவான். இருவருக்கும் நடுவில் பலர். இவர்களை ஓர் அண்ணாவியால் தனியே பார்க்க முடியாது. பெரிய பையன்கள் சிறுவர்களின் கையைப் பிடித்து எழுதவைத்தார்கள், பாடம் ஒப்பிக்கக் கேட்டார்கள், பிழை திருத்தினார்கள். பெல்லாரியின் கலெக்டர் கேம்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை இந்த முறையை மனம்விட்டுப் பாராட்டுகிறது: செலவு குறைவு, சொல்லிக்கொடுப்பவனுக்கும் தான் கற்றது உறுதிப்படுகிறது, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும். அதே அறிக்கை ஒரு குறையையும் சொல்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் செய்யுள்கள் பேச்சுமொழிக்கு வெகுதூரத்தில் இருக்கின்றன. பொருள் தெரியாமலே ஒப்பிக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நன்னூல் கேட்ட கால் பங்கு திண்ணையில் இருந்தது. ஆனால் அது எழுத்தின் வடிவத்தையும் ஒப்பித்தலின் பிழையின்மையையும் தாண்டவில்லை. சக மாணவன் கேட்டது ‘சரியாகச் சொன்னாயா’ என்பதைத்தான். ‘நீ சொல்வது எனக்குப் புரியவில்லையே’ என்று கேட்க அங்கே வழியில்லை. சொந்தமாக எழுதிய வாக்கியம் இருந்தால்தானே அந்தக் கேள்வி பிறக்கும்? பெண்பிள்ளைகளும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் மிகச் சிலரே அல்லது இல்லவே இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. ஒரே பாயில் உட்காரும் உரிமை யாருக்கு என்பதே அன்று பெரிய கேள்வி.

அந்தப் பெரிய பையனுக்கு ஒரு பதவிப் பெயர் இருந்தது: சட்டாம்பிள்ளை. வாத்தியார் இல்லாத நேரத்தில் பள்ளியைப் பார்த்துக்கொள்பவன். அந்தச் சொல் இன்று நம் பேச்சில் என்னவாகியிருக்கிறது? யாராவது தேவையில்லாமல் அதட்டினால் ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என்கிறோம். உடன் படித்தவன் மேற்பார்வையாளன் ஆனபோது என்ன நடந்தது என்பதற்கு மொழியே சாட்சி. இந்த அமைப்பை உலகெங்கும் கொண்டுபோனவர் ஆண்ட்ரூ பெல். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் பிள்ளைகளுக்கான ஆண்கள் அனாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அவர், மணலில் எழுதும் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தார். தன் ஆசிரியர்கள் ஒத்துழைக்காதபோது, ஏறத்தாழ எட்டு வயதான ஒரு மாணவனையே அரிச்சுவடி வகுப்புக்குப் பொறுப்பாக்கினார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலால் அது ‘மெட்ராஸ் முறை’ ஆயிற்று. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் அதையொத்த முறையை அங்கே நடத்தினார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அமர்த்தி, பத்துப் பேருக்கு ஒரு மானிட்டர் என்று வரிசைப்படுத்திய அந்தப் பள்ளிகளில் சக மாணவன் முற்றிலும் கங்காணியானான். 1846-இல் இங்கிலாந்து அரசு, ஊதியம் பெறும் மாணவ ஆசிரியர் முறைக்கு மாறியது. மானிட்டர் பள்ளிகள் தேய்ந்தன. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தபின் நம் பக்கத்தில் எழுத்தை மதிப்பிடும் பொறுப்பு முகம் தெரியாத தேர்வாளரிடம் போனது. இங்கேயும் ஒரு சொல்லைக் கவனியுங்கள். விடைத்தாள் ‘திருத்துவது’ என்கிறோம். திருத்துபவர் ஒரு வாக்கியத்தையும் திருத்துவதில்லை, எண் போடுகிறார். எழுதிய பிள்ளை அந்தத் தாளைப் பெரும்பாலும் மறுபடி பார்ப்பதும் இல்லை. திருத்தம் என்ற சொல் மதிப்பெண் என்ற பொருளுக்கு நகர்ந்த அந்த நூற்றாண்டில்தான் ஒருசாலை மாணாக்கன் வகுப்பறையைவிட்டு வெளியேறினான். பக்கத்தில் இருப்பவன் தாளைப் பார்த்தால் அதற்குப் பெயர் இப்போது காப்பி.

அந்த ஒருசாலை மாணாக்கன் மறுபடி உள்ளே வந்த இடமும் இந்த வட்டத்திலேயே இருக்கிறது. அன்றைய சித்தூர் மாவட்டத்தில், ஜே. கிருஷ்ணமூர்த்தி பிறந்த மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷி வேலியில், 1980களின் பின்பகுதியில் சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்காகச் சிறு பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஒரு பள்ளி, ஓர் ஆசிரியர், பல வகுப்புப் பிள்ளைகள். அதாவது திண்ணையின் அதே நிலைமை. அங்கே பாடத்தைச் சிறு அட்டைகளாக உடைத்து, ஏணிப்படி போல வரிசைப்படுத்தினார்கள். பிள்ளை தான் நிற்கும் படிக்கு ஏற்ற குழுவில் உட்காரும். ஒரு குழு ஆசிரியரோடு, ஒரு குழு சக மாணவர் துணையோடு, ஒரு குழு தானாக. நாளைக்கு அதே பிள்ளை வேறு குழுவில் இருக்கும். இன்று உதவி பெற்றவன் நாளை உதவுவான். யாரும் நிரந்தரச் சட்டாம்பிள்ளை இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் இதைப் பார்த்துப் பயின்று வந்தார்கள். 2007-08-இல் அது செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவியது. சென்னையில் பெல் கண்டது உலகைச் சுற்றியது. சித்தூரில் பிறந்தது சென்னைக்கு வந்தது. முன்னதில் இல்லாத ஒன்று பின்னதில் இருந்தது: துணை செய்பவன் மேலே நிற்கவில்லை, அதே ஏணியில் சில படி தள்ளி நின்றான். ஆனால் தொடக்கப் பள்ளியோடு அது நின்றது. எட்டாம் வகுப்புப் பிள்ளை கட்டுரை எழுதும் வயதுக்கு வரும்போது, சிவப்பு மைப் பேனாவைத் தவிர வேறு வாசகர் அவளுக்குக் கிடைப்பதில்லை.

அறியாதவன் அறியாதவனைத் திருத்தினால் பிழைதானே பெருகும் என்பது பலர் சொல்லும் மறுப்பு. எழுத்துப்பிழை, சந்திப்பிழை என்ற அளவில் அது உண்மைதான். அதற்கு ஆசிரியரே வேண்டும். ஆனால் நன்னூல் ஒரு நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றங்களில் சிலவற்றைப் பாருங்கள். கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல். இவற்றைக் கண்டுபிடிக்கப் புலமை தேவையில்லை, கவனமாகப் படிக்கும் ஒரு மனம் போதும். ‘இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டாய்’, ‘திருவிழாவைப் பற்றித் தொடங்கி மாமா வீட்டுக்குப் போய்விட்டாய்’, ‘கடைசியில் அவசரமாக முடித்துவிட்டாய்’ என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் சொல்ல முடியும். இன்னும் சொன்னால் அவளால்தான் முடியும். ஆசிரியருக்குப் பொருள் முன்பே தெரியும். மயங்க வைத்த இடத்தில் அவர் தானே இட்டு நிரப்பிக்கொண்டு போய்விடுவார். தெரியாதவள்தான் நின்று கேட்பாள். நட்பும் பொறாமையும் சாதியும் புகுந்து கெடுக்காதா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. புகும். முன்பு பார்த்த சங்கப் புலவர் சண்டையே அதற்குப் புராணச் சான்று. அதனால்தான் நன்னூல் குற்றத்துக்கும் அழகுக்கும் பெயர் வைத்தது. அந்தப் பத்துக் குற்றங்களில் ஒன்றும் எழுதியவன் மேல் சொல்லும் பழி அல்ல, எழுத்தின் மேல் சொல்வது. குற்றங்களோடு பத்து அழகுகளையும் சேர்த்தே அது வைத்திருக்கிறது. சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் அங்கே இருக்கின்றன. உருத்திரசன்மனைப் போல, பிடித்த இடத்தை முதலில் காட்டிவிட்டுப் புரியாத இடத்தைக் கேட்கும் பழக்கம் வந்தால் ‘நல்லா இருக்கு’ என்ற வெறும் முகத்துதியும் போகும், ‘இதெல்லாம் ஒரு கட்டுரையா’ என்ற குத்தலும் போகும். நேரம் இல்லை என்பார்கள். நாற்பது நோட்டுகளை ஒருவரே சுமந்துபோய் டிக் போடுவதற்கு ஆகும் நேரத்தில் நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு நோட்டைப் படித்துவிடலாம்.

வேங்கடத்துக்கு இப்பாலும் அப்பாலும் தமிழ்க் கட்டுரை எழுதவைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரே ஒரு கட்டுரைக்கு மதிப்பெண் போடாதீர்கள். அதை எழுதிய பிள்ளையின் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள். எங்கே பிடித்தது, எங்கே புரியவில்லை என்று இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள். எழுதியவள் அதைப் படித்து மறுபடி எழுதட்டும். அடுத்த மாதம் நோட்டுகள் கை மாறட்டும்.